கம்பி தெரியாத படம்

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை இல்லாவிட்டால் அது சுற்றுலாவே அல்ல. ஹல்துமுல்லையிலிருந்து நடுநிசி தாண்டி பஸ் புறப்படும். பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று வளைவுகளிலெல்லாம் பிள்ளைகள் வாந்தியெடுத்து முடிய, விடியும்போது கொழும்பின் வெக்கை முகத்தில் அடிக்கும். நான் பிள்ளையாக இருந்த காலத்திலும் இதே பாதைதான், இதே வாந்திதான். அன்று முழு பஸ்ஸுக்கும் ஒரு கமரா. அதில் 36 படம். எந்த மிருகத்துக்கு ஒன்றைச் செலவழிப்பது என்பதைச் சேர்தான் தீர்மானிப்பார். யானைக்கு ஒன்று, சிங்கத்துக்கு ஒன்று, மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கும் எங்களுக்கு. இன்று ஒரு வகுப்புக்குப் பத்து கைத்தொலைபேசி வருகிறது. 36 படத்தை ஒரு குரங்குக்கே எடுத்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் போய்வந்தபோது, வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்கு நல்ல படங்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே பார்க்கத் தொடங்கினேன். சிறுத்தையின் படம் இரண்டு வந்தன. ஒன்று, கலண்டரில் அச்சிடுவதுபோல் இருந்தது. சிறுத்தை ஒரு மரக்கிளையில் தலை நிமிர்த்திப் படுத்திருக்கிறது, பின்னால் பச்சை, கம்பி வலையின் சுவடே இல்லை. மற்றது தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு பையன் எடுத்தது. அதில் கம்பி வலை, ஒவ்வொரு கண்ணும் அதன் துருவும் தெரிய, அவ்வளவு கூர்மையாக விழுந்திருந்தது. சிறுத்தையோ பின்னால் ஒரு மஞ்சள் மங்கல். "இது சரியில்ல, அழிச்சிடு" என்றேன். பையன் மறுபேச்சில்லாமல் அழித்தான். அழித்துவிட்டுச் சொன்னான்: "கம்பிதான் சேர் கிட்டக்க இருந்திச்சு. அதான் அது தெளிவா விழுந்திருக்கு."

அந்தப் பதில் பெரகலைக்குத் திரும்பும் வரை என்னைத் தூங்கவிடவில்லை. அவன் சொன்னதுதான் உண்மை. நமக்கும் அந்த மிருகத்துக்கும் இடையில் இருந்தவற்றுள் நமக்கு மிக அருகில் இருந்தது கம்பிதான். அதைப் பதிவுசெய்த படத்தை நான் அழிக்கச் சொன்னேன். மறைத்த படத்துக்குப் பரிசு கொடுத்தேன். ஒரு விமர்சகன் செய்யக்கூடாத காரியம் இது. மிருகக்காட்சிச்சாலைப் புகைப்படம் என்ற இந்தச் சிறிய கலையை, ஒரு கதையையோ கவிதையையோ வைத்து நாம் பேசுவதுபோல வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

முதலில் அந்தக் கலையின் நுட்பத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கம்பியை மறைப்பது எளிதல்ல. வில்லையைக் கம்பிக்கு இயன்றவரை நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும். வில்லையின் துவாரத்தை முழுதாகத் திறந்துவிட வேண்டும். அப்போது குவியம் விழும் தூரம் மட்டும் தெளிவாக, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை கரைந்துபோகும். மிருகம் கம்பியை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் பட்டு மினுங்கும் கம்பி மறையாது. நிழலில் இருக்கும் கருத்த கம்பிதான் மறையும். ஆகவே கையாலோ தொப்பியாலோ அந்த இடத்துக்கு நிழல் கொடுப்பார்கள். கண்ணாடிச் சுவராயின், தன் முகமே அதில் விழாதபடி வில்லையை ஒட்டிப்பிடிப்பார்கள். மின்னொளி போட்டால் கண்ணாடி திருப்பி அடிக்கும்; மிருகமும் மிரளும். இத்தனையும் செய்து முடித்தால் ஒரு நல்ல படம் கிடைக்கும். அந்த நல்ல படத்தின் இலட்சணம் என்ன? அது எடுக்கப்பட்ட இடம் அதில் தெரியக்கூடாது என்பது. இடம் தெரியாமல் எழுதுவதை ஒரு சிறுகதையில் குறையென்போம். இங்கே அதுவே வெற்றி.

இந்த ஆசை கமராவோடு பிறந்ததல்ல. கம்பியை அகற்றாமல், கம்பி தெரியாமல் செய்யும் வித்தையை மிருகக்காட்சிச்சாலைகளே முதலில் கண்டுபிடித்தன. ஜெர்மனியில் ஹம்பர்க் நகருக்கு அருகே ஸ்டெலிங்கன் என்ற இடத்தில் 1907 ஆம் ஆண்டு கார்ல் ஹகன்பெக் ஒரு விலங்குப் பூங்காவைத் திறந்தார். அங்கே கூண்டுக்குப் பதில் அகழி. பார்வையாளன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அகழி கண்ணுக்குத் தெரியாது. செயற்கைப் பாறைகளின்மேல் சிங்கம் சுதந்திரமாக உலாவுவதுபோல் தோன்றும். மிருகங்களுக்கு அதனால் கொஞ்சம் இடம் கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிடக் கூடியது பார்ப்பவனின் நிம்மதி. உலகின் பல மிருகக்காட்சிச்சாலைகள் பின்னர் இந்த வழியைப் பின்பற்றின.

இந்த ஹகன்பெக் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. கார்லின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹகன்பெக் இலங்கையிலே நெடுங்காலம் வாழ்ந்து மிருக வியாபாரம் செய்தவர். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை 1920களில் அவர் அமைத்த மிருகத் தரிப்பிடத்திலிருந்து வளர்ந்ததுதான். இங்கிருந்து கப்பலேற வேண்டிய யானைகளும் சிறுத்தைகளும் பறவைகளும் அங்கே காத்திருந்தன. 1936 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. பிற்காலத்தில் அதன் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ்தான் 1973 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலைக்கும், 1994 இல் அங்கே தொடங்கிய இரவுச் சபாரிக்கும் ஆலோசகராக இருந்தார். கம்பி தெரியாத பூங்கா என்ற கருத்து ஹம்பர்க்கிலிருந்து தெஹிவளை வழியாகச் சிங்கப்பூருக்குப் போயிற்று என்றும் சொல்லலாம். 2016 இல் ரிதியகமவில் தொடங்கிய சபாரிப் பூங்காவிலோ காட்சி தலைகீழாகிவிட்டது. பார்வையாளர்கள் பஸ்ஸுக்குள் அடைபட்டிருக்க, சிங்கங்கள் வெளியே நிற்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு இதிலே ஒரு சிரிப்பு: "நம்மளத்தான் சேர் கூட்டுல போட்டுட்டாங்க."

ஆனால் ஹகன்பெக் குடும்பத்தின் கதையில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. மிருகங்களைக் கொண்டுபோன அதே கப்பல்களில் மனிதர்களையும் கொண்டுபோனார்கள். 1880களில் இலங்கையரைக் குடும்பம் குடும்பமாக ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார்கள். யானைகளோடும் மாடுகளோடும் சேர்த்து. பாரிஸ் நகரின் விலங்குப் பூங்காவிலும் 1883 இல் அப்படியொரு காட்சி நடந்தது. பார்க்க வந்தவர்கள் படங்களை வாங்கிப்போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் வேலி தெரியாது. தென்னோலைக் குடிசையும் மனிதர்களும் யானையும் மட்டும் தெரியும். ஏதோ ஒரு சிங்கள, தமிழ்க் கிராமத்தில் எடுத்ததுபோல. அந்தக் குடிசையைச் சுற்றி டிக்கட் வாங்கியவர்கள் நின்றார்கள் என்பதைப் படம் சொல்லாது. கம்பி தெரியாத படத்தின் ஆபத்தை நான் முதலில் உணர்ந்தது இங்கேதான்.

இனி எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். மிருகக்காட்சிச்சாலைப் படம் வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. தென்னாபிரிக்காவில் குவாகா என்றொரு விலங்கு இருந்தது. முன்பாதி வரிக்குதிரை போலவும் பின்பாதி பழுப்புக் குதிரை போலவும் இருக்கும். வேட்டையாடியே முடித்துவிட்டார்கள். கடைசியாக மிஞ்சிய ஒன்று 1883 ஓகஸ்டில் அம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் செத்தது. உயிரோடிருந்த குவாகாவைக் காட்டும் புகைப்படங்கள் உலகில் ஐந்தே ஐந்து. அவை ஐந்தும் 1860களிலும் 1870 இலுமாக, லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் நின்ற ஒரே பெண் குவாகாவை, பிராங்க் ஹேஸ், பிரடெரிக் யோர்க் ஆகியோர் எடுத்தவை. காட்டிலே அதைப் படம் பிடித்தவர் ஒருவருமில்லை. மிருகக்காட்சிச்சாலைக்கு ஒரு கமரா போகாதிருந்தால், அந்த விலங்கின் உயிருள்ள உருவம் நமக்குக் கிடைத்தே இராது. தஸ்மேனியாவில் ஓநாய் போன்ற வரிகொண்ட விலங்கொன்று இருந்தது. அதன் கடைசி உயிர் 1936 செப்டம்பரில் ஹோபார்ட் மிருகக்காட்சிச்சாலையில் போயிற்று. கூட்டுக்குள் அது உலாவுவதைக் காட்டும் சில நிமிடச் சலனப்படங்கள்தான் இன்று மிச்சம். சாட்சி என்ற வகையில் இந்தப் படங்களுக்கு ஈடில்லை.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். குவாகா படங்களில் அது அடைப்பின் முற்றத்திலே தனியாக நிற்கிறது. தஸ்மேனிய விலங்கின் சலனப்படத்தில் கம்பி வலை தெளிவாகத் தெரிகிறது. அன்றைய படப்பிடிப்பாளர்களுக்கு அதை மறைக்க வசதியும் இல்லை, அவசியமும் தோன்றவில்லை. அதனால்தான் அவை நமது நெஞ்சைத் தொடுகின்றன. அழிந்த விலங்கை மட்டுமல்ல, அது எந்த இடத்தில், எந்தத் தனிமையில் அழிந்தது என்பதையும் அவை சொல்கின்றன. கலண்டர்ப் படம் போல் அவற்றை எடுத்திருந்தால், குவாகா நிறைந்த ஒரு காடு எங்கோ இருந்தது என்றே நாம் நினைத்திருப்போம்.

மேற்கிலே இதை முழு உணர்வோடு செய்து காட்டியவர் கெரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கர். நியூயோர்க் மத்திய பூங்காவின் மிருகக்காட்சிச்சாலையிலும் கோனித் தீவின் நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலையிலும் தன் பிள்ளைகளைக் கூட்டிச்சென்ற நாட்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை 1969 இல் 'மிருகங்கள்' என்ற பெயரில் சிறு நூலாக்கினார். அதில் மிருகம் தனியே நிற்பது அரிது. கம்பியும், கம்பிக்கு இப்பால் நிற்கும் மனிதர்களும், அவர்களது தொப்பியும் கைப்பையும் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. பார்த்துக்கொண்டே போக, யார் காட்சிப்பொருள் என்ற ஐயம் நமக்கு வருகிறது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் ஜோன் பேர்ஜர் எழுதிய கட்டுரையொன்று, மிருகங்களை ஏன் பார்க்கிறோம் என்ற கேள்வியை எழுப்பிற்று. 1980 இல் அவரது நூலொன்றில் சேர்ந்த அக்கட்டுரையின் வாதம் இது: மனிதனும் விலங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தப் பழைய பார்வை மிருகக்காட்சிச்சாலையில் அணைந்துவிட்டது. அங்கே நாம் பார்க்கிறோம். அது நம்மைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் நமக்கப்பால் பார்க்கிறது. இந்த வாதத்தில் கொஞ்சம் மிகை உண்டு. எங்கள் ஊரில் ஆடு மாடு வளர்ப்பவருக்கு அந்தப் பழைய பார்வை இன்னும் அணையவில்லை. ஆனாலும் தெஹிவளையில் கூண்டின் முன் நின்றவருக்கு அவர் சொல்வது விளங்கும்.

மேற்கை இவ்வளவு பேசிய பின் நமது மரபுக்கு வராமல் இருக்க முடியாது. நமது இலக்கிய வட்டத்தில் இதை எவரும் எடுக்காதிருப்பது எனக்கொரு குறை.

புகைப்படத்தைப் பற்றி முஸ்லிம் சமூகம் ஒரு காலத்தில் மிகத் தீவிரமாகச் சர்ச்சை செய்தது. உயிருள்ளவற்றின் உருவம் உள்ள வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று எங்கள் வாப்பாமார் சுவரில் கஃபாவின் படத்தைத் தவிர வேறொன்றும் மாட்டவில்லை. எகிப்தின் முப்தியாக இருந்து 1935 இல் மறைந்த ஷெய்க் முஹம்மது பகீத் அல் முதீஈ, கமராவால் எடுப்பது உருவம் படைத்தல் அல்ல என்று வாதித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவரது நோக்கில் அது நிழலைப் பிடித்து வைத்தல். அரபியில் 'ஹப்ஸுழ் ழில்'. கண்ணாடியில் விழும் பிம்பம் போகாமல் நிறுத்தப்படுகிறது, அவ்வளவுதான் என்பது அவரது கருத்து. ஏற்ற உலமாக்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. இங்கே நான் பத்வா பேச வரவில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசுகிறேன். 'ஹப்ஸ்' என்றால் சிறை. ஏற்கெனவே சிறைப்பட்ட ஓர் உயிரின் நிழலையும் நாம் சிறைப்பிடிக்கிறோம் என்ற பொருள், அந்த ஆலிம் நினையாமலே, அச்சொல்லில் வந்து விழுந்திருக்கிறது. தமிழும் சளைத்ததல்ல, நாம் படம் 'பிடிக்கிறோம்'. தன் படத்தைத் தானே எடுப்பது நமது மொழியில் பாம்பு மட்டும்தான்.

இன்று அந்தச் சர்ச்சை ஓய்ந்துவிட்டது. பள்ளிவாசல் முற்றத்திலும் கைத்தொலைபேசி உயர்கிறது. ஆகுமா ஆகாதா என்ற கேள்வியை நாம் கைவிட்டோம். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை, அதாவது எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியைத் தொடங்கவே இல்லை.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் முதல் இல்லாமல் இல்லை. கமராவின் அடிப்படையான இருட்டறையையும் ஒளியின் ஒழுங்கையும் ஆராய்ந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் எழுதினார். கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம் போல் நடித்து அடைபட்டிருந்த காலத்தில் எழுதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பார்வை என்பது கண்ணிலிருந்து பொருளை நோக்கிப் பாயும் அம்பு அல்ல, பொருளிலிருந்து ஒளி நம்மிடம் வருகிறது என்று நிறுவியவர் அவர். பார்ப்பவன் கொடுப்பவனல்ல, வாங்குபவன் என்று இதைக் கொஞ்சம் இலக்கியமாக்கியும் சொல்லலாம். பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இயங்கிய 'இஹ்வானுஸ் ஸபா' என்ற அறிஞர் குழுவின் நிருபங்களுள் ஒன்றில், விலங்குகள் ஜின்களின் அரசனிடம் மனிதர்மீது வழக்குத் தொடுக்கின்றன. கழுதை பேசுகிறது, கிளி பேசுகிறது, தேனீ பேசுகிறது. மனிதன் எங்களுக்கு எசமானன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றும் கேட்கிறது. தீர்ப்பு மனிதன் பக்கமே முடிகிறது. ஆனால் அதற்கு முன் அவன் எத்தனை கேள்விகளுக்குத் தலைகுனிய வேண்டியிருக்கிறது! ஸூரத்துல் அன்ஆமின் 38 ஆவது வசனம், பூமியில் நடமாடுவனவும் சிறகடிப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருளைத் தருவது நாமறிந்ததே. சமுதாயத்தில் ஒருவரைப் படமெடுப்பதும் ஒரு பொருளைப் படமெடுப்பதும் ஒன்றல்ல.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது ஒரு சிறிய ஹதீஸ். அனஸ் (றழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறுவன். அவன் விளையாடிக்கொண்டிருந்த சிட்டுப் போன்ற குருவி ஒன்று செத்துப்போயிற்று. துக்கத்தோடு இருந்த அவனிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவனது பெயரையும் குருவியின் பெயரையும் சேர்த்து, குருவி என்னாயிற்று என்று அன்பாக விசாரித்தார்கள். ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஒரு தனிநூல் எழுதினார். பறவையைக் கூட்டில் வைத்து வளர்க்கலாம் என்பதற்கும் அறிஞர்கள் இதையே ஆதாரம் காட்டுவர். அதன் மறுபக்கத்தில், பூனையைக் கட்டிப்போட்டு உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் என்ற ஹதீஸும் இருக்கிறது. ஆக, கூடு இருக்கிறதா இல்லையா என்பதோடு விடயம் முடிவதில்லை. கூட்டுக்குள் இருப்பது என்னாயிற்று என்று விசாரிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் மார்க்கம் நம் முன் வைக்கும் கேள்வி என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

மிருகக்காட்சிச்சாலைப் படத்துக்கு நான் வைக்கும் அளவுகோலும் இதுதான். அந்தப் படம் விசாரிக்கிறதா? அதைப் பார்ப்பவனை விசாரிக்க வைக்கிறதா? கம்பி தெரியாத சிறுத்தையைப் பார்ப்பவன் "ஆஹா" என்பான். அதன் பின் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பி தெரிந்தால், இது எப்போதிருந்து இங்கே, இதற்கு யார் துணை, இது ஏன் ஒரே இடத்தில் நடக்கிறது என்று கேட்பான்.

விசாரித்த படத்தால் ஒரு உயிர் மீண்ட கதையும் நமக்கு முன்னால் இருக்கிறது. காவன் என்ற யானைக்குட்டியை 1985 இல் இலங்கை பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இஸ்லாமாபாத் மிருகக்காட்சிச்சாலையில் அது முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்தது. 2012 இல் அதன் துணை யானையும் செத்த பிறகு முற்றிலும் தனியாயிற்று. சங்கிலியோடு நிற்கும், சுவரோடு தலையைச் சாய்த்து நிற்கும் அதன் படங்கள் உலகெங்கும் போயின. அவற்றில் ஒருவரும் சங்கிலியை மறைக்கவில்லை, சுவரைக் கரைக்கவில்லை. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் அதர் மினல்லாஹ், விலங்குகளுக்கும் சட்ட உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பிலே இஸ்லாமியப் போதனைகளும் ஆராயப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் காவன் கம்போடியாவின் சரணாலயத்துக்கு விமானத்தில் போனது. எங்கள் நாட்டு யானை. ஒரு முஸ்லிம் நாட்டின் நீதிமன்றம். நமது சஞ்சிகைகளில் இதைப் பற்றி ஒரு கதையாவது வந்திருக்க வேண்டாமா?

நமது கவிதைகளில் பறவைக்குப் பஞ்சமில்லை. கூட்டுப் பறவை பெண்ணாகும், சமூகமாகும், அகதியாகும், சிலவேளை கவிஞரே ஆவார். சிறகை விரிக்கச் சொல்லி எத்தனை அழைப்புகள்! ஆனால் அந்தப் பறவை பறவையாக இருந்து பார்த்ததில்லை. அது எந்த இனம், என்ன தின்னும் என்பதை எந்தக் கவிஞரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஜெர்மன் கவிஞர் ரில்கே, பாரிஸ் பூங்காவின் கூண்டில் சுற்றிச்சுற்றி நடந்த ஒரு சிறுத்தையை நின்று நிதானித்துப் பார்த்த பிறகே தன் புகழ்பெற்ற கவிதையை எழுதினார். நாம் பார்க்காமலே குறியீடாக்கிவிடுகிறோம். உருவம் வரைவதை விட்ட சமூகம் உவமை வரைவதில் மட்டும் தாராளமாக இருக்கிறது. கம்பியை மறைக்கும் கமராக்காரரும் கம்பியை உவமையாக்கும் கவிஞரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இருவருக்கும் அந்த உயிர் தேவைப்படுகிறது. அதன் நிலைமை தேவைப்படுவதில்லை.

இதையெல்லாம் மலையிலிருந்து சொல்வதற்கு எனக்கொரு காரணம் உண்டு. எங்கள் மலைகளில் சிறுத்தை இன்றும் இருக்கிறது. தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இரவில் நடமாடுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாட்களில் செத்தது. உயிரோடு அகப்பட்டு நின்ற அதன் படத்தை நாடே பார்த்தது. அதிலும் கம்பி இருந்தது. மலையில் சிறுத்தையோடு ஒரே மண்ணில் வாழும் பிள்ளை, சிறுத்தையைக் கண்ணால் காண இரவெல்லாம் பஸ்ஸில் தெஹிவளைக்குப் போக வேண்டியிருக்கிறது. இரு இடத்திலும் நடுவில் நிற்பது கம்பிதான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மனிதரை மிருகத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் ஹகன்பெக் போன்றோர். ஆனால் பார்வையின் பழக்கம் தொற்றக்கூடியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தபாலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் வருகிறது. பச்சை மலை, கூடை, சிரிப்பு. லயம் அதில் வராது. சம்பளச் சீட்டு வராது. அட்டை கடித்த கால் வராது. அதுவும் ஒரு கம்பி தெரியாத படம்தான். எங்கள் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு கமராக்கள் வந்தன. சில வாரங்களில் போயும்விட்டன. படம் எடுத்தவர்கள் எல்லோரும் விசாரித்தவர்கள் அல்லர். விசாரித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களது படங்களில் மட்டும் மனிதர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பையன் ஒரு லயத்துப் பிள்ளை என்று தொடக்கத்தில் சொன்னேன். நமக்கு மறைந்துபோகிற கம்பி அவனது கண்ணுக்குத் தெரிந்ததற்கு அவனது கைத்தொலைபேசியின் மலிவு மட்டும்தான் காரணமா என்று நான் இப்போது நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

மிருகக்காட்சிச்சாலைக்குப் போகவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அணியல்ல. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஊரைத் தாண்டிக் காணும் முதல் அதிசயம் அதுதான். அவர்கள் படமும் எடுக்கட்டும். அடுத்த முறை போகும்போது ஒரு விதி மட்டும் சொல்வதாக இருக்கிறேன். ஒரு மிருகத்துக்கு இரண்டு படம். ஒன்று அவர்கள் இஷ்டப்படி, எவ்வளவு அழகாக முடியுமோ அவ்வளவு அழகாக. மற்றதில் கம்பியோ அகழியோ கண்ணாடியோ, எது நடுவில் இருக்கிறதோ அது தெரிய வேண்டும். கண்ணாடியில் தங்கள் முகம் விழுந்தால் அதுவும் இருக்கட்டும். இரண்டாவது படத்தின் கீழ் அந்த மிருகத்தைப் பற்றி விசாரித்தறிந்த ஒரு விடயத்தை எழுத வேண்டும்.

அழித்த படத்தை மீட்க முடியவில்லை. அதன் இடத்தில் என்ன போடுவது என்று பையனிடமே கேட்டேன். படத்தில் இருந்ததை எழுதித் தரச் சொன்னேன். அரைத்தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தான். கம்பி துருப்பிடித்திருந்தது, தண்ணீர்த் தொட்டி மூலையில் இருந்தது, சிறுத்தை படுக்கவில்லை, நடந்தது, அது போய்வந்து போய்வந்து மண்ணிலே ஒரு பாதை விழுந்திருந்தது. கலண்டர்ச் சிறுத்தைக்குப் பக்கத்தில் அந்த அரைத்தாளை ஒட்டியிருக்கிறோம். இடைவேளையில் பிள்ளைகள் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். பிறகு தாளை வாசித்துவிட்டு, படத்தில் அந்தப் பாதை எங்கே என்று தேடுகிறார்கள்.